கேட்கக் கிடைக்காத குரல்

வேதாரணியத்திலிருந்து தெற்கே செல்லும் சாலை அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டிக் கோடியக்காட்டினுள் புகுந்து, பத்து மைல் ஆவதற்குள் கடலில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழ நாட்டுக் கரை அந்த இடத்தில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக் நீரிணை. அந்த முனைதான் கோடியக்கரை.

இங்கே வருகிறவர்கள் மூன்று வகையினர். அமாவாசை நாட்களில் கடலாட வருகிறவர்கள் ஒரு வகை. 1967-ல் ஏற்பட்ட வனவிலங்குச் சரணாலயத்தில் வெளிமான்களையும், மழைக் காலத்துக்குப் பின் சதுப்பில் வந்து இறங்கும் பூநாரைகளையும் பார்க்க வருகிறவர்கள் இரண்டாவது வகை. மூன்றாவது வகையினருடைய கண்கள் மானைத் தேடுவதில்லை, மண்டபத்தையும் தேடுவதில்லை. அவர்கள் ஒரு படகைத் தேடுகிறார்கள். அந்தப் படகில் ஒரு பெண் பாடிக்கொண்டிருக்க வேண்டும். அவள் பெயர் பூங்குழலி.

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகமாகிய 'சுழற்காற்று' இந்தக் கரையில்தான் தொடங்குகிறது என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. முதல் அத்தியாயத்தின் தலைப்பே அவள் பெயர். வந்தியத்தேவனும் வைத்தியர் மகன் பினாகபாணியும் குதிரைகளில் வந்து சேர்வதும், சேற்றுப் பள்ளத்தில் நம் கதாநாயகன் அகப்பட்டுக்கொள்வதும், கலங்கரை விளக்கத்தைக் காத்து வந்த தியாகவிடங்கரின் வீட்டில் தங்குவதும், நள்ளிரவில் காட்டில் கொள்ளிவாய்ப் பிசாசுகள் தோன்றி மறைவதும், பிறகு பூங்குழலி அவனை ஏற்றிக்கொண்டு இலங்கையை நோக்கிப் படகு தள்ளுவதும் தமிழ் நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தங்கள் வீட்டுச் சம்பவங்கள்போல் ஆகிவிட்டன. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டு வந்த பழைய கலங்கரை விளக்கம் 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலையில் சிதைந்து போயிற்று. ஆயினும் கதையிலுள்ள விளக்கம் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்பொழுது இந்தக் கதையைப் படிக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது. காதில் ஒரு கருவியைச் செருகிக்கொண்டால் போதும். நாடகக் கலைஞர் பம்பாய் கண்ணன் பல நடிகர்களைக் கொண்டு இந்த நாவலை ஒலிநூலாக்கி வெளியிட்டார். வேறு பலர் தனித்தனியே தங்கள் குரலில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். 1999-ல் நிறைந்த கல்கியின் நூற்றாண்டையொட்டித் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது இதற்குப் பெரிய உதவி. யாரும் அச்சிடலாம், யாரும் வாசித்துப் பரப்பலாம் என்று ஆனபின் ஐந்து பாகங்களும் செல்பேசியில் ஏறிவிட்டன. களத்து மேட்டில் காவல் இருப்பவரும், பேருந்தில் நாகப்பட்டினம் போகிறவரும், கண் பார்வை மங்கிய பாட்டியும் வந்தியத்தேவனோடு குதிரை ஏறலாம்.

இத்தனை குரல்களில் ஒரு குரல் மட்டும் இல்லை. அது கல்கியின் குரல்.

நூலாசிரியர் தம் நாவலைத் தாமே வாசித்த ஒலிநூல்கள் பிற நாடுகளில் உண்டு. ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1924-ல் பாரிஸ் நகரில் தம்முடைய 'யுலிஸிஸ்' நாவலிலிருந்து ஒரு பகுதியை வாசித்து இசைத்தட்டில் பதிந்தார். அமெரிக்காவில் கறுப்பு மக்களின் அடிமைத் துயரத்தைக் காவியமாக்கிய டோனி மாரிஸன் அம்மையார், நோபல் பரிசு பெற்றவர், 'பிலவட்' நாவலைத் தாமே வாசித்து ஒலிநூலாக்கியிருக்கிறார். 2019-ல் அவர் மறைந்தார். அவர் குரல் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு உதாரணம் தேடினால், எல்லாருக்கும் முன்னே நிற்பவர் மகாத்மா காந்திதான் என்று சொல்லத் தோன்றுகிறது. வட்டமேஜை மகாநாட்டுக்காக 1931-ல் லண்டன் சென்றிருந்தபோது கொலம்பியா கிராமபோன் கம்பெனியார் அவர் குரலைப் பதிவு செய்ய வந்தார்கள். அரசியல் பேச அவர் இசையவில்லை. கடவுளைப் பற்றித் தாம் 'யங் இந்தியா'வில் முன்னர் எழுதியிருந்த கட்டுரையை எடுத்து வாசித்தார். கிங்ஸ்லி ஹாலில், அக்டோபர் 20-ஆம் தேதி. சுமார் 6 நிமிஷம். ஒரு தட்டின் இரண்டு பக்கங்கள். நாவலல்ல என்பது வாஸ்தவம். ஆயினும், தாம் எழுதியதை எழுதியவரே படிக்கும்போது என்ன நேர்கிறது என்பதை அந்த ஆறு நிமிஷங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. அச்சில் வாதமாகத் தோன்றும் வாக்கியங்கள் அவர் வாயில் மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல், தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுபோல் வருகின்றன. தேர்ந்த நடிகர் யாரும் அப்படிப் படித்திருக்க மாட்டார்.

அந்த ஆறு நிமிஷக் கணக்கை இங்கே சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கல்கியின் குரல் ஏன் நமக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு அதிலேயே பாதி விடை இருக்கிறது. அந்நாளைய இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும்; ஒரு பக்கத்தில் 3 நிமிஷத்துக்கு அதிகமாக எதையும் அடக்குவது சிரமம். 'பொன்னியின் செல்வன்' அச்சில் 2000 பக்கங்களுக்கு மேற்பட்டது. பக்கத்துக்கு 2 நிமிஷம் என்று வைத்தாலும் வாசித்து முடிக்க 66 மணி நேரத்துக்குக் குறையாது. அதைத் தட்டுகளில் அடக்கினால் 660-க்கு மேல் வேண்டும். ஒரு மாட்டு வண்டி கொள்ளாது! வாசிப்பவர் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தட்டு மாற்றி, மறுபடி தொடங்க வேண்டும். எவருக்கும் அப்படி ஓர் எண்ணமே தோன்றாததில் வியப்பில்லை.

மற்றப் பாதி விடை காலத்தைப் பற்றியது. 1950 அக்டோபர் 29-ல் தொடங்கிய தொடர்கதை 1954 மே 16-ல் முடிந்தது. அதே வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமானார். கதை முடிந்த ஏழு மாதத்துக்குள் கதாசிரியரும் போய்விட்டார். தாம் எழுதியதை அமைதியாக எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை திரும்பப் படிக்கும் ஓய்வுகூட அவருக்கு வாய்க்கவில்லை.

இதில் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. குரலின் அருமை தெரியாதவர் அல்லர் கல்கி. மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899-ல் பிறந்து, காவேரிக் கரையின் கதாகாலட்சேபங்களையும் நாதஸ்வரத்தையும் கேட்டு வளர்ந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது படிப்பை விட்டுச் சிறை சென்றவர். திரு. வி. க.வின் 'நவசக்தி'யில் பணி புரிந்தவர். மேடைத் தமிழுக்குத் திரு. வி. க.வைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் அந்நாளில் எது? 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆனந்த விகட'னில் சங்கீத விமர்சனம் எழுதி வித்வான்களை நடுங்க வைத்தவர். 1945-ல் வந்த 'மீரா' படத்துக்காக அவர் எழுதிய 'காற்றினிலே வரும் கீதம்' எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் இசைத்தட்டாகி வீடு வீடாக ஒலித்தது. ஒரு பாட்டு காகிதத்தில் இருப்பதற்கும் காற்றில் வருவதற்கும் உள்ள வேற்றுமையை அவரைவிட நன்றாக அறிந்த தமிழ் எழுத்தாளர் யார்?

அவர் நாவல்களும் காதுக்காகவே எழுதப்பட்டவை என்று நான் சொல்லுவேன். வாரப் பத்திரிகை வந்த அன்று வீட்டில் எழுத்து வேகமாகக் கூட்டத் தெரிந்தவர் ஒருவர் படிக்க, அடுப்பங்கரையிலிருந்தும் ஊஞ்சலிலிருந்தும் மற்றவர்கள் கேட்ட காலம் அது. பிரதி ஒன்று, காதுகள் பத்து. இதை நன்கு உணர்ந்துதான் அவர் எழுதினார். வாக்கியங்கள் மூச்சுக்கு அடங்கியவை. முந்திய வாரம் நடந்ததை மறந்திருப்பார்களே என்று பேச்சோடு பேச்சாக நினைவூட்டி விடுவார். நடுவில் நிறுத்தி, வாசகரைப் பார்த்து நேரே பேசுவார்; கேள்வி கேட்பார்; பாத்திரத்துக்காகப் பரிந்து வாதாடுவார். கதையின் முதற் பக்கத்திலேயே நம்மைக் கற்பனை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர் அவர்தான்; நம்மை எங்கும் இறக்கி விட்டுப் போவதில்லை.

அதனால்தான் இந்த நாவலை ஒலிநூலாக்குவது எளிதுபோல் தோன்றினாலும் உண்மையில் கடினம். பெரிய பழுவேட்டரையருக்குக் கனத்த சாரீரம் உடைய நடிகரைத் தேடலாம். நந்தினிக்குத் தேன் கலந்த குரல் ஒன்று கிடைக்கும். ஆழ்வார்க்கடியானுக்கு நம் நாடக மேடையில் பஞ்சமே இல்லை. ஆனால் கதை சொல்லுகிறாரே, அந்தப் பாத்திரத்துக்கு யாரைப் பிடிப்பது? அவர் சரித்திரப் பேராசிரியர்போல் தொடங்குவார். அடுத்த வாக்கியத்தில் திண்ணைப் பேச்சுக்கு இறங்குவார். அதற்கடுத்ததில் குறும்பாக ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒன்றும் அறியாதவர்போல் நகர்ந்து விடுவார். அந்தக் குறும்பு எந்தச் சொல்லில் இருக்கிறது என்பது அச்சில் தெரியாது. வாசிப்பவர் ஊகிக்க வேண்டும். பல நடிகர்கள் பேச, பின்னணியில் வாத்தியங்கள் முழங்க அமைக்கும் முறையைவிட, ஒருவரே ஆதியோடந்தமாக வாசிக்கும் முறையே எனக்கு உகந்தது என்பதற்கும் இதுவே காரணம். கூட்டத்தில் கதை சொல்லுகிறவர் வெறும் அறிவிப்பாளராகி விடுகிறார். தனி வாசிப்பில் அவர் மறுபடியும் தலைவராகிறார். வாத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடியக்கரையின் அலை ஓசையை வாக்கியமே எழுப்பிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் இன்னோர் அலை ஓசையைப் பதிவு செய்து ஊற்றுவானேன்?

உச்சரிப்பு விஷயம் தனியே கவனிக்கத் தக்கது. இந்த நாவலைப் போல் ழகரம் நிறைந்த நாவல் தமிழில் குறைவு. சோழர், பூங்குழலி, பழுவேட்டரையர், ஆழ்வார்க்கடியான், கோடிக் குழகர், சுழற்காற்று! ழகரம் நாவில் வராத ஒருவர் இந்த வேலையில் இறங்கினால் சோழ சாம்ராஜ்யம் முதல் வாக்கியத்திலேயே கவிழ்ந்து விடும். அதுவாவது பயிற்சியால் தீரக்கூடியது. பயிற்சியால் தீராதவையும் உண்டு. ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கப் பலகைகளில் 'கோடியக்கரை'; நாவலில் 'கோடிக்கரை'. நமது எழுத்தில் ககரம் ஒன்று, பகரம் ஒன்று. ஆனால் அவை ஒலிக்கும் விதம் ஒன்றுக்கு மேற்பட்டது. பினாகபாணி என்ற பெயரில் முதல் பகரம் 'பல்' என்பதில் உள்ளதுபோல் வல்லோசை பெறுமா, 'கம்பம்' என்பதில் உள்ளதுபோல் மெலிந்து வருமா? இடையிலுள்ள ககரம்? 'பினாகம்' என்பது சிவபெருமானுடைய வில். வடமொழி முறைப்படி எல்லாமே வல்லோசைதான். ஆனால் தஞ்சாவூர்க் கிராமத்து வைத்தியர் வீட்டில் அந்தப் பிள்ளையை அப்படியா கூப்பிட்டிருப்பார்கள்? வடமொழி மிடுக்கோடு சொன்னால் ஒரு வகைச் சிரிப்பு. நாட்டுப்புறத்து வழக்கில் குழைத்துச் சொன்னால் வேறு வகைச் சிரிப்பு. எந்தச் சிரிப்பை ஆசிரியர் எண்ணினார் என்பதை அவர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நாம் அறிந்திருப்போம்.

ஆசிரியர் வாசிப்பது ஏதோ மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவது தவறு. தமிழ் நாட்டில் நூல் வெளியீடு என்பதே பழங்காலத்தில் அதுதான். அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். நூலை இயற்றியவர் சபையில் அமர்ந்து தம் நூலைச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் தடுத்துக் கேள்வி கேட்பார்கள். அவர் விடை கூற வேண்டும். திருவரங்கத்தில் கம்பரும், தில்லையில் சேக்கிழாரும் அப்படி அரங்கேற்றியதாகப் பரம்பரைச் செய்தி. அவ்வளவு தூரம் போவானேன்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம் தலபுராணங்களைக் காவேரிக் கரை ஊர்களில் அரங்கேற்றியதை அவருடைய மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அச்சு இயந்திரம் வந்தபின் ஆசிரியர் எழுதுவதோடு ஒதுங்கிக்கொண்டார். வாசிக்கும் வேலை வாசகருடையதாயிற்று. இன்றும் நாம் 'கதை கேட்டேன்' என்றே சொல்லுகிறோம். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்காமல் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

கோடியக்கரையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. குழகர் கோயிலுக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் வந்தார். ஆள் நடமாட்டமில்லாத கடற்கரைக் காட்டில் இறைவன் தனியே இருக்கிறாரே என்று உருகிப் பதிகம் பாடினார். ஏட்டில் உறங்கியபோதும் ஓதுவார்களின் நாவில் அந்தப் பதிகங்கள் நூற்றாண்டுகளைக் கடந்தன. கல்கியும் கோடிக்கரைக் காட்சியில் அந்தப் பதிகத்தை நினைவூட்டத் தவறவில்லை. குரலாலேயே காப்பாற்றப்பட்ட ஒரு பாடலை நாவலுக்குள் கொண்டு வந்தவரின் சொந்தக் குரல் அந்த நாவலோடு சேர்ந்து கிடைக்கவில்லை.

ஆசிரியர் இல்லாவிட்டால் ஒலிநூலே வேண்டாம் என்பது என் கருத்தன்று. ஒலிநூல் பிறந்ததே பிறர் வாசிப்பில்தான். முதல் உலக யுத்தத்தில் பார்வை இழந்த போர்வீரர்களை மனத்தில் கொண்டு பிரிட்டனில் முயற்சி எடுத்து, 1935-ல் பார்வையற்றோருக்கான பேசும் நூல்களை வெளியிட்டார்கள். முதலில் வந்த இரண்டில் ஒன்று ஜோஸப் கான்ராட் எழுதிய 'டைபூன்' என்னும் கடற்புயல் கதை. கான்ராட் 1924-லேயே இறந்துவிட்டார். ஆகவே அந்தச் சுழற்காற்றையும் வேறொருவர் குரல்தான் சுமந்தது. கண் இல்லாதவருக்கு அதனால் ஒரு கடல் கிடைத்ததல்லவா? நம் 'சுழற்காற்'றை வாசித்துத் தந்தவர்களுக்கும் அதே நன்றி உரியது. 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு மூலக்கதையைத் தேடிய இளைஞர்கள் பலருக்குத் தமிழ் எழுத்தைச் சரளமாகப் படிக்க வராது. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அவர்களைக் கல்கியிடம் அழைத்துச் செல்லும் ஓடம் இந்தக் குரல்களே. தொடர்கதையின் வாரக் காத்திருப்பு மட்டும் இதில் கிடையாது. பூங்குழலி படகைத் தள்ளியவுடன் அடுத்த அத்தியாயம் தானே ஓடிவந்து விடுகிறது. நடுக்கடலில் ஒரு வாரம் தத்தளித்த பழைய வாசகர்களின் சுகம் புதியவர்களுக்கு இல்லை.

இனி, கல்கி விஷயத்தில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் இன்று வாழும் ஆசிரியர்கள் விஷயம் அப்படியன்று. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியபோது அவர்களிடம் இருந்த கருவி வெறும் கை. தேவையான பொருளை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்ற துணிவுதான் மூலதனம். இன்று ஒலிப்பதிவுக்கு வேண்டிய கருவி உப்பளத் தொழிலாளியின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. தட்டு மாற்ற வேண்டியதில்லை. கம்பெனியார் மனம் வைக்கும் வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. ஜெயகாந்தன் 2015-லும், அசோகமித்திரன் 2017-லும், கி. ராஜநாராயணன் 2021-லும் போய்விட்டார்கள். கி. ரா.வின் எழுத்தே பேச்சு. அவர் நாவல்களை அவர் வாயால் ஆதியோடந்தமாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படாதவர் உண்டா? எழுபதையும் எண்பதையும் தாண்டிய நாவலாசிரியர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கல்லூரித் தமிழ்த் துறைகளும் ஊர் நூலகங்களும் வானொலி நிலையங்களும் ஆளுக்கு ஓர் ஆசிரியரை ஏற்றுக்கொண்டால் இரண்டு மூன்று வருஷங்களில் ஒரு பெருந்தொகுதி சேர்ந்து விடும். ஆசிரியருக்கு நல்ல குரல் இல்லையே என்று தயங்க வேண்டாம், இருமினால் இருமட்டும், தம் வாக்கியத்தைத் தாமே ரசித்து நடுவில் சிரித்தால் அதையும் வெட்டாமல் வைக்க வேண்டும்.

நாவல் முழுவதையும் வாசிக்க உடல் இடம் கொடாதவர்கள், தமக்குப் பிடித்த ஓர் அத்தியாயத்தை மட்டும் வாசிக்கலாம். அதுவும் இயலாதவர்கள், தங்கள் கதையில் வரும் மனிதர்களின் பெயர்களையும் ஊர்களின் பெயர்களையும் வரிசையாக ஒருமுறை உச்சரித்துக் கொடுத்தால், பின்னால் அந்த நாவலை வாசிக்கப் போகும் குரலுக்கு வழி தெரிந்துவிடும். அதற்கு அரை மணி நேரம் போதும்.